பத்து மில்லி

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள்,
ராத்திரி டூட்டி நர்ஸ் ஒருத்தி
ஊசிமருந்து கரைக்கிற தண்ணீரை உடைத்து
நெற்றியில் மூன்று சொட்டு விட்டாள்.
பேர் என்னவென்று கேட்க ஆளில்லை.
நான் ரத்தம் வாங்க ஓடியிருந்தேன்,
நீ மேல்மாடியில் தையலோடு கிடந்தாய்.
அவள் தன் பேரையே வைத்துவிட்டாள்:
கித்தேரி.

பங்குப் பதிவேட்டில் அந்த வரி இருக்கிறது,
'மரண ஆபத்தில்' என்று நீல மையில்.
ஒன்பது வருசமாகிறது.
ஆபத்து அப்படியே இருக்கிறது.
பிள்ளையும் இருக்கிறாள்.

காவல்கிணற்றில் நம் வீட்டுக்கு மூன்று பக்கமும் காற்றாலை.
நான் ஏறி கிரீஸ் வைக்கிற கோபுரங்கள்
ஆனி ஆடியில் எங்கெங்கோ கரண்டு அனுப்பும்.
நம் தெருவில் போய்விடும்.
ஆக்சிஜன் மெஷின் கீயென்று கத்தி ஓயும்.
சிலிண்டரைத் திருகின கையோடு நீ
விரலில் மாட்டிய கருவியையும் ஜெபமாலையையும்
ஒரே மூச்சில் வாசிப்பாய்:
தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு,
அருள் நிறைந்த,
எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு,
தொண்ணூறு.

உன் மைனி பெந்தெகொஸ்தேக்குப் போனவள்,
பிள்ளை தலையில் கைவைத்துக் கத்திவிட்டு
"விசுவாசம் பத்தல" என்றாள்.
நீ பதில் பேசவில்லை.
சளி உறிஞ்சுகிற குழாயை அவள் கையில் கொடுத்து
"கொஞ்சம் பிடிங்க மைனி" என்றாய்.

நான் உவரிக்குச் செருப்பில்லாமல் நடந்தேன்.
வெள்ளியில் நுரையீரல் உண்டுமா என்று கேட்டதற்கு
கண்ணும் காலும்தான் இருக்கு என்றான் கடைக்காரன்.
ஒரு கால் வாங்கிப் போட்டேன்.
எந்தக் கணக்கில் என்று அந்தோணியாருக்குத்தான் தெரியும்.
அதோடு நான் பூசைக்குப் போவது நின்றது.
கேட்டவர்களிடம் ஞாயிறும் வேலை என்றேன்.

எப்போதிருந்து என்று தெரியவில்லை,
ராத்திரி ஜெபத்தில் நீ
'சொகமாக்கும்' என்கிற வார்த்தையை விட்டுவிட்டாய்.
கவனித்த அன்று எனக்குக் கோபம்.
உனக்குமா விட்டுப்போச்சு என்றேன்.
"அவர்ட்ட பிள்ளையப் பத்திப் பேசுதேன்.
எப்பமும் மருந்தையே கேட்டுட்டு நின்னா
அது மெடிக்கல் ஷாப்புல்லா."

இந்த வருசம் புதுநன்மைப் பட்டியலில்
உன் கையெழுத்தில் அவள் பேர்.
உபதேசியார் தலையைச் சொறிந்தார்.
விழுங்க வராத பிள்ளை,
அப்பத்துண்டு அடைத்துக்கொண்டால்?
சாமியார் ஆயர் இல்லத்துக்கு எழுதிப் போட்டார்.
பதில் வர நாலு மாசம்.
அதற்குள் இரண்டு நிமோனியா.

பூசை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது
தெருவில் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள்
மெழுகுதிரியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.
நீ மூக்குக் குழாய்க்குப் புது பிளாஸ்டர் போட்டிருந்தாய்.
காற்றடித்து, வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு
"சாமி, நீங்களும் கேட்டுக்கிடுங்க" என்றாய்.
அவர் குனிந்து கேட்டார்.
ஒரு சொட்டு, அதற்குமேல் இல்லை,
சிரிஞ்சியில் தண்ணீரோடு கலந்து இளஞ்சிவப்பாய்.

கிறிஸ்துவின் இரத்தம், என்றார்.

ஆமென் யார் சொல்வது என்று யோசிக்கவேயில்லை யாரும்.
நீ குழாயை உயர்த்திப் பிடித்திருந்தாய்,
உன் கண் முழுக்க அந்தச் சிவப்பு இறங்குவதில்.
நான் சொன்னேன்.
தொண்டை கரகரத்தது,
வெகுநாள் ஓட்டாத வண்டிபோல.

சாமியார் வெறும் சிரிஞ்சியைப் பார்த்து நின்றார்.
கோயிலில் என்றால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி
அவரே குடித்துவிடுவார்.
இதை என்ன செய்வது?
நீ ஆறவைத்த தண்ணீரை
அதே சிரிஞ்சியில் பத்து மில்லி எடுத்துக்
குழாயில் விட்டாய்,
ஒரு நாளைக்கு ஆறு தடவை
ஒன்பது வருசமாக விடுவதுபோலவே.
அவர் ஏதோ சொல்ல வந்து சொல்லவில்லை.

கித்தேரி பெரிதாய் ஒரு ஏப்பம் விட்டாள்.
"சரியா எறங்கிட்டு" என்றாய்,
சாமியாருக்குக் காப்பி போட எழுந்தபடியே.